தக்காளிக்குத் தையல்

செடி இருந்தது, காம்பு இருந்தது, தக்காளியைத்தான் காணோம்.

தையல்காரர் கழுத்தில் தொங்கிய டேப்பை இறுகப் பிடித்துக்கொண்டு இன்னொரு முறை தேடினார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் மனைவி சோப்புக் கம்பெனிக்குக் கிளம்பும்போது கோலிக்குண்டு அளவில் ஐந்து பழம் சிவந்து நின்றன. தினமும் போல இன்றும் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி கத்திவிட்டுத்தான் போனாள். "தோட்டத்துலயும் கடலை டப்பாவிலயும் யாரும் கை வைக்கக் கூடாது! ஆமா, சொல்லிட்டேன்!"

தோட்டம் அவள் பொறுப்பு. தையல்காரர் மெஷினில் உட்கார்ந்தால் அந்தப் பக்கமே திரும்ப மாட்டார். இன்று திரும்பியது தப்பாகப் போயிற்று. பட்டாணிக் கொடி மொட்டை. கேரட் இருந்த இடத்தில் இரண்டு குழி. அடுப்படிக்கு ஓடி வேர்க்கடலை டப்பாவைத் திறந்தார். அதிலும் பாதியைக் காணவில்லை.

பத்து மணிக்குத் தராசு அக்கா வருவார். எடை குறைந்த பிள்ளைகள் இருக்கும் வீடுகளுக்கு மாதம் ஒரு முறை வந்து, பிள்ளையை எடை போட்டு, தோட்டத்தைப் பார்த்து, தாய்க்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போகிறவர். தையல்காரரின் பையனுக்கு மூன்று வயது. இரண்டு மாதமாக எடை நகரவில்லை. "இந்தத் தடவையும் ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துடணும், பதினஞ்சு நாள்" என்று போன முறை சொல்லியிருந்தார்.

எடை எங்கே ஏறும்? காலையில்கூட, "அப்பாவுக்காக ஒரு வாய்டா, என் ராஜால்ல!" என்று முட்டையோடு தையல்காரர் வீட்டை மூன்று சுற்று வந்தார். பையன் வாயை இறுக்கி மூடிக்கொண்டு நாலு சுற்று ஓடினான்.

தோட்டத்தையாவது செழிப்பாகக் காட்டி ஒரு மாசம் தவணை கேட்கலாம் என்று நினைத்திருந்தார். அதிலும் மண் விழுந்துவிட்டது.

"பாழாப்போன ஆடு!" என்று வேலியைப் பார்த்துக் கத்தினார்.

பக்கத்து வீட்டுக்காரி தலையை நீட்டினாள். "எங்க ஆட்டையா சொல்றீங்க? கட்டின கயிறு கட்டினபடி இருக்கு. ஆடு வந்து டப்பா மூடியைத் திறந்துச்சாக்கும்?"

நியாயமான கேள்விதான். பதில் தேட நேரமில்லை. கடைக்கு ஓடினார்.

கடைத் தக்காளி ஒவ்வொன்றும் கைப்பிடி அளவு இருந்தது. ஊசியில் பச்சை நூலைக் கோத்து, காம்போடு காம்பு சேர்த்துத் தைத்தார். தையல் நின்றது, செடிதான் நிற்கவில்லை. அளவுகோலை முட்டுக் கொடுத்து நிமிர்த்தினார். அவசரத்தில் பட்டாணியைக் கத்தரிச் செடியில் தொங்கவிட்டார். கேரட்டைக் குழியில் நட்ட பிறகுதான் அதற்குத் தலையில் இலை இல்லை என்பது உறைத்தது. கொத்தமல்லியை உச்சியில் சொருகினார். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் போலவே இருந்தது.

"எங்க ஆடு எவ்வளவு யோக்கியம்னு நீங்களே பாருங்க" என்று பக்கத்து வீட்டுக்காரி ஆட்டை இழுத்துக்கொண்டு வந்தாள்.

ஆடு கொத்தமல்லியைப் பார்த்தது. அவ்வளவுதான். கயிற்றை உருவிக்கொண்டு பாய்ந்து, கேரட்டோடு பிடுங்கித் தின்றது.

"யோக்கியன் வர்றான், சொம்பை எடுத்து உள்ளே வை!" என்று தையல்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

"என்னையா அண்ணே சொல்றீங்க?"

வாசலில் தராசு அக்கா.

"ஐயோ, ஆட்டைச் சொன்னேங்க!"

அக்கா தோட்டத்தை ஒரு சுற்று வந்தார். கத்தரிச் செடி முன்னால் வெகுநேரம் நின்றார். "பதினாறு வருஷமா வீடு வீடா ஏறி இறங்கறேன். கத்தரியில பட்டாணி காய்ச்சு இப்பத்தான் பாக்கறேன். தக்காளிக்கு என்ன, காஜா எடுத்திருக்கீங்களா?"

தையல்காரர் மடை திறந்தாற்போல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். "திருட்டுப் போயிடுச்சுங்க, ஒண்ணு விடாம. பிள்ளையை மட்டும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடாதீங்க. இன்னும் ஒரே ஒரு மாசம்..."

"முதல்ல பிள்ளையைத் தூக்குங்க."

பையன் தராசுத் தூளியில் தொங்கினான். தையல்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

"பதினொன்னு நானூறு."

"போன மாசம்?"

"பத்து எண்ணூறு. இனி ஆஸ்பத்திரிப் பேச்சே வேண்டாம்ணே."

அவருக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்துவிட்டது. எத்தனையோ பேருக்கு அளவு எடுத்தவருக்கு எந்த அளவும் இப்படிக் காதில் இனித்ததில்லை. பையனை அள்ளி முத்தமிட்டார். அந்தச் சந்தோஷத்தில் ஆட்டைக்கூட மன்னித்துவிட்டார். திருடனை மட்டும் மன்னிக்க மனசு வரவில்லை.

"விடமாட்டேங்க! என் பிள்ளை வாய்க்குப் போக வேண்டியதைத் தின்னவன் யாருன்னு கண்டுபிடிச்சே தீருவேன்!"

அக்கா தராசை மடித்துப் பைக்குள் வைத்தார். "அவனைத்தாண்ணே இப்ப எடை போட்டேன். 'கை வைக்கக் கூடாது'ன்னு தினமும் கத்திட்டுப் போங்கன்னு உங்க வீட்டம்மாவுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தான். உங்களுக்குத் தெரிஞ்சா 'ஒரு வாய்டா ராஜா'ன்னு தோட்டத்துக்கும் பின்னாலயே போய்க் காரியத்தைக் கெடுத்துடுவீங்களாமே!"