தராசுக்காரர் பூட்டி வைத்த ஸ்கூட்டர்

இந்தக் கதையை எனக்குச் சொன்னவர் தராசுக்காரரேதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழைக்காலம் தொடங்கின வாரம், கண் ஆஸ்பத்திரியில் சொன்னார். எங்கள் இரண்டு பேர் கண்ணிலும் மருந்தை விட்டு, அரைமணி நேரம் திறக்கக் கூடாது என்று சொல்லி ஒரே பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். நான் மனசுக்குள் பிரார்த்தனையைத் தொடங்கியிருந்தேன். கண்ணை மூடின மனுஷனுக்கு வெட்கம் பாதியாகிவிடும் போலிருக்கிறது. பக்கத்தில் யார் என்றுகூடக் கேட்காமல் அவர்பாட்டுக்கு ஆரம்பித்துவிட்டார். கடவுளுக்குச் சொல்ல வைத்திருந்ததை அப்படியே நிறுத்திவிட்டு நான் காதைக் கொடுத்தேன். பெரிய படிப்புப் படித்தவள் இல்லை நான். கேட்டதைக் கேட்டபடி சொல்கிறேன்.

தராசுக்காரர் என்றால் தராசு விற்பவர் இல்லை. கடை கடையாகப் போய் எடைக்கல்லையும் படியையும் சோதித்து, ஈயத்தில் முத்திரை குத்துகிற அதிகாரியாக முப்பத்து மூன்று வருஷம் இருந்தவர். அவர் தெருமுனையில் திரும்பினாலே கடைக்காரர்கள் கல்லைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்களாம். கல்லின் அடியைக் குடைந்து அடைத்த மெழுகை மோந்தே கண்டுபிடிப்பார். வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தபோது, அவர் முத்திரை குத்தின இரும்புக் குறட்டையே வெல்வெட் பெட்டியில் வைத்துப் பரிசாகக் கொடுத்தார்கள். அது வீட்டில் கண்ணாடி அலமாரியில், பேரப்பிள்ளைகள் படத்துக்கு மேல் தட்டில் இருந்தது.

அவர் மனைவி சீருடை தைக்கிற பட்டறையில் துணி வெட்டுகிறவர்களுக்குத் தலைமை. நூறு அடுக்குத் துணியை ஒரே வெட்டில் நூல் பிசகாமல் வெட்டுகிற கை. வீட்டிலிருந்து பட்டறைக்கு ஆறு கிலோமீட்டர். சமதளமான ரோடு. அதற்குத்தான் அந்த ஸ்கூட்டர். அவளே சேர்த்து அவளே வாங்கினது. கியர் இல்லாத வண்டி. எஞ்சின் சுற்றுகிற சுற்றைப் பின்சக்கரத்துக்குக் கொண்டு போவது உள்ளே இருக்கிற ஒரு ரப்பர் பெல்ட்தான். அது போனால் எஞ்சின் கத்தும், வண்டி நகராது. சில வீடுகளில் ஆம்பிளைகள் மாதிரி.

அந்த பெல்ட் ஒழுங்காக வந்தால் மூன்று வருஷம் வரும். இவர்கள் வீட்டில் ஐந்தே மாதத்தில் மூன்று அறுந்தது. நடுவில் ஒரு கிளட்சும் கருகியது.

மூன்றாவது அறுந்த அன்று அந்த அம்மா இரண்டு கிலோமீட்டர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். புடவையெல்லாம் வியர்வை. தராசுக்காரர் வாசலில் நின்றார்.

"மறுபடியும் அறுத்துட்டியா?"

"அதுவா அறுந்துச்சுங்க."

"அதுவா அறுக்க அதுக்கென்ன கையா இருக்கு? உன் கை. நீ முறுக்குற முறுக்குல ரப்பர் இல்ல, இரும்பே அறும்."

"போன தடவை சொன்னீங்கன்னு மெதுவாத்தான் முறுக்குறேன். சைக்கிள்காரன்லாம் என்னைத் தாண்டிப் போறான்."

"மெதுவா முறுக்கினா அது இன்னும் கெடுதல்."

வேகமாகவும் முறுக்கக் கூடாது, மெதுவாகவும் முறுக்கக் கூடாது என்றால் பிறகு எப்படித்தான் முறுக்குவது என்று அவள் கேட்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பட்டறையில் அவளுக்கு 'பெல்ட் அக்கா' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதையும் சிரித்துக்கொண்டேதான் வந்து சொல்லியிருந்தாள். கேட்டுத் தராசுக்காரரும் சிரித்தார்.

ஆனால் பெல்ட் எதனால் அறுகிறது என்று அவருக்குத் தெரியும்.

ஐந்து மாதத்துக்கு முன்னால் டாக்டர், "சர்க்கரை ஏறிப் போச்சு, தினம் காலையில ஒரு மணி நேரம் நடங்க" என்று சொல்லியிருந்தார். தராசுக்காரர் அன்றைக்கே சபதம் எடுத்தார். "நாளையிலிருந்து தண்ணித் தொட்டி மேடு வரைக்கும் நடை. மழையோ வெயிலோ." மனைவி வெள்ளை நிற நடைச் செருப்பு ஒரு ஜோடி வாங்கிக் கொடுத்தாள். துணைக்கு அவருடைய சிநேகிதர் ஒருவரும் சேர்ந்தார். ஓய்வு பெற்ற கிடங்கு அதிகாரி. ஊரார் அவருக்கு வைத்த பெயர் அரை டன். கொஞ்சம் கூட்டிச் சொன்ன பெயர்தான், ரொம்ப இல்லை.

முதல் நாள் இருவரும் நடந்தார்கள். மேட்டின் கால்வாசியில் அரை டன் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்ப்பா, டாக்டர் மேட்டுக்குப் போகச் சொன்னாரா, நடக்கச் சொன்னாரா?"

"நடந்து போகச் சொன்னார்."

"ரெண்டுல ஒண்ணாவது செய்வோம். போவோம்."

மறுநாள் மனைவி சமையலறையில் மிக்ஸி போட்ட சத்தத்தில், தராசுக்காரர் ஸ்கூட்டரை ஸ்டார்ட் செய்யாமலே தெருமுனை வரை உருட்டிக்கொண்டு போனார். அவர் முன்னால், அரை டன் பின்னால். அந்தச் செங்குத்து மேட்டில் வண்டி மூச்சு வாங்கி, முனகி, ஊர்ந்து ஏறியது. வளைவில் நிற்க நேர்ந்தால் பிரேக்கைப் பிடிக்க மாட்டார், பின்னால் சரியாதபடி முறுக்கியே பிடித்து நிறுத்துவார். உள்ளே பெல்ட் வழுக்கி, சூடேறி, கருகின வாடை வரும். "பேக்கரி பக்கத்துல வந்துட்டோம், வாசனை வருது" என்பாராம் அரை டன். ஆமாம், மேட்டு உச்சியில் ஒரு பேக்கரி இருந்தது. அங்கே பாலில்லாத டீயும் ஒரே ஒரு கேக்கும் சாப்பிட்டுவிட்டு, மனைவி வேலைக்குக் கிளம்புவதற்குள் வண்டியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கிணற்றடிக் குழாயில் முகத்தை நனைத்துக்கொண்டு உள்ளே போவார். "அப்பாடா, என்ன வேர்வை."

முதல் பெல்ட் அறுந்தபோதே சொல்லியிருக்கலாம். நாக்கு முந்திக்கொண்டது. 'உன் முறுக்குத்தான்' என்று ஒரு சொல் விழுந்துவிட்டது. விழுந்த சொல்லுக்கு முட்டுக் கொடுக்க இன்னொன்று, அதற்கு இன்னொன்று. கடைசியில் 'வண்டி ஓட்டும் விதிகள்' என்று ஒரு தாளில் ஒன்பது விதி எழுதி, அவள் பார்க்கிற இடத்தில் ஒட்டியும் வைத்துவிட்டார்.

மூன்றாவதும் அறுந்த பிறகு, புது பெல்ட் மாட்ட மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். வாசலிலேயே மூடியைக் கழற்றி, அறுந்த துண்டை விரலில் சுற்றிப் பார்த்தார்.

"சார், ஓரமெல்லாம் வெந்து பளபளன்னு இருக்கு. அக்கா போற ரோட்டுல இது வராதே."

"நீ பெல்ட்டை மாட்டுப்பா. ஜோசியம் வேண்டாம்."

"இல்ல சார், காரணம் தெரியாம மாட்டினா நாலாவதும் போகும்."

தராசுக்காரருக்கு அந்த நேரம் பார்த்துத்தான் அந்த யோசனை வந்தது. அது வராமலே இருந்திருக்கலாம்.

"காரணம் நான் நிரூபிக்கிறேன். ஒரு வாரம் இந்த வண்டியை யாரும் தொடக் கூடாது. சங்கிலி போட்டுப் பூட்டி, சாவி என்கிட்ட இருக்கும். மீட்டர்ல இருக்கிற கிலோமீட்டரைச் சுவத்துல எழுதி வைப்பேன். அடுத்த ஞாயித்துக்கிழமை நீ வந்து திற. பெல்ட் புத்தம் புதுசா இருந்தா அறுக்கிறது யாருன்னு தெரிஞ்சுபோகும்."

"நிக்கிற வண்டியில பெல்ட் எப்படி சார் தேயும்?" என்றார் மெக்கானிக்.

"அதைத்தான் நானும் சொல்றேன்."

மனைவி ஒன்றும் மறுக்கவில்லை. "அப்ப நான் ஒரு வாரம் பஸ்ஸுல போறேன். ரெண்டு பஸ் மாறணும், ஏழு மணிக்கே கிளம்பினாச் சரியா இருக்கும்" என்றாள்.

சங்கிலி தேட அவர் உள்ளே போனார். ஜன்னல் வழியாகப் பார்த்தபோது, வண்டியின் மூடி இன்னும் திறந்தே இருந்தது. மெக்கானிக் எதையோ விளக்கிக்கொண்டிருந்தார். மனைவி கைப்பையிலிருந்து துணிக்கட்டுகளுக்கு எண் போடுகிற கறுப்பு மைப் பேனாவை எடுத்துக் கொடுத்தாள். பெல்ட் மாட்டின தேதியை எழுதி வைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை அவள் ஏழு மணிக்குப் போனதும் அரை டன் போன் செய்தார்.

"என்னப்பா, நடையைக் கைவிட்டுட்டியா?"

"வண்டி பூட்டியிருக்கு."

"சாவி யார்கிட்ட?"

"என்கிட்ட."

"அப்புறம் பூட்டியிருக்குன்னா?"

மீட்டர் ஓடிவிடுமே என்று தராசுக்காரர் யோசித்தார். முப்பத்து மூன்று வருஷம் அளவுக் கருவியில் கை வைத்தவர்களைப் பிடித்தவருக்கு எங்கே கை வைப்பது என்று தெரியாதா? முன்சக்கரத்தில் மீட்டர் கம்பி திருகியிருக்கிற இடத்தில் குனிந்து, இரண்டு விரலால் கழற்றினார். வண்டி ஓடும், மீட்டர் தூங்கும். திரும்பி வந்து மாட்டிவிட்டால் தீர்ந்தது. வேலி பயிரை மேய்ந்த நேரம் காலை ஏழு பதினைந்து. பெட்டியில் இருந்த இரும்புக் குறடு ஒரு நிமிஷம் நினைவுக்கு வந்ததாம். ஆனாலும் போனார்.

செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பஸ் தாமதம். அது இவருக்குத் தெரியாது. பின்னால் அரை டன்னோடு மேட்டு ரோட்டுக்குத் திரும்புகிறார், எதிரே நிறுத்தத்தில் அவர் மனைவி. ஒரு கையில் சாப்பாட்டுப் பை, தோளில் துணி மூட்டை. திரும்பிப் போக வழியில்லை. தலைக்கவசத்துக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டார். அவர் கழுத்தை மறைக்கலாம், பின்னால் இருக்கிற மலையை எதில் மறைக்கிறது? அந்த நேரம் பார்த்து அவள் குடையை விரித்துத் தலைக்கு முன்னால் தாழ்த்திப் பிடித்துக்கொண்டாள். தப்பித்தோம் என்று முறுக்கிக்கொண்டு போய்விட்டார். மேட்டில் ஏறும்போதுதான் தோன்றியது. மழையும் இல்லை, வெயிலும் இன்னும் ஏறவில்லை. குடை எதற்கு?

அன்றைக்குக் கேக்கில் பாதியை மிச்சம் வைத்தாராம். புதன்கிழமை வைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் வந்தார். தராசுக்காரர் துவைத்த சட்டையில் நின்றார். சுவரில் எழுதின எண்ணைப் படித்தார், மீட்டரைக் காட்டினார். ஒரு புள்ளி வித்தியாசம் இல்லை.

"நல்லாப் பாத்துக்கோ. நீயும் பாரும்மா."

"பாத்துட்டேங்க" என்றாள் மனைவி, மீட்டரைப் பார்க்காமலே.

மெக்கானிக் மூடியைக் கழற்றினார். குனிந்தார். கொஞ்ச நேரம் நிமிரவேயில்லை.

"சார், பெல்ட் ஓடுற இந்தத் தட்டுல போன வாரம் நடுவுலருந்து விளிம்பு வரைக்கும் ஒரு கறுப்புக் கோடு போட்டேன். பெல்ட் எவ்வளவு தூரம் ஏறி ஓடுதுன்னு பாக்க நாங்க போடுறதுதான். ஓடினா பெல்ட் உரசி கோடு அழியும். நின்னா அப்படியே இருக்கும்."

தராசுக்காரரும் குனிந்து எட்டிப் பார்த்தார். "யார் போடச் சொன்னது?"

"அக்காதான் கேட்டாங்க. நிக்கிற வண்டியில கோடு அழியுமான்னு. அழியாதுக்கான்னேன். அப்ப போடுங்கன்னு பேனா குடுத்தாங்க."

கோட்டில் நடுப்பக்கம் துடைத்துவிட்டாற்போல் அழிந்திருந்தது. வெளி விளிம்புப் பக்கம் பாதி அப்படியே கறுப்பாக நின்றது.

"வேகமாப் போயிருந்தா விளிம்பு வரைக்கும் அழிஞ்சிருக்கும். இது ஊர்ந்தே போயிருக்கு. செங்குத்து மேடு. ஒரு ஆள் பாரம் இல்ல சார், ரெண்டு ஆள்." மெக்கானிக் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ரெண்டரை" என்றார்.

பிறகு கருவிகளை ஓசைப்படாமல் பொறுக்கிக்கொண்டு, டீகூடக் குடிக்காமல் போய்விட்டார்.

வாசலில் இருவர் மட்டும். தராசுக்காரர் சுவரில் தான் எழுதின எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். எத்தனை கடைக்காரர்கள் இப்படி அவர் முன்னால் நின்றிருப்பார்கள். அவர்கள் எங்கே பார்த்தார்கள் என்று அன்றைக்குத்தான் புரிந்ததாம். எல்லாரும் சுவரைத்தான் பார்த்தார்கள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"முதல் பெல்ட்லயே. தினம் நடக்கிற செருப்புக்கு அடி தேயவே இல்லையே."

"அப்ப ஏன் சொல்லலை?"

"நீங்களே சொல்வீங்கன்னு இருந்தேன்."

"செவ்வாய்க்கிழமை... அந்தக் குடை?"

"நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா உங்களுக்கு வெக்கமா இருக்கும்ல. அதான்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன் என்றார். நாலு சாமானைத் தூக்கிப் போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அந்தக் குடையைத்தான் தாங்க முடியவில்லை. அவர் கையாலேயே ஒன்பது விதியையும் சுவரிலிருந்து கிழித்தார். மறுநாள் அவள் பட்டறைக்குப் போய், எல்லார் முன்னாலும், "பெல்ட்டை அறுத்தது நான்" என்று சொல்லிவிட்டும் வந்தார். போகும்போதும் நடைதான், வரும்போதும் நடைதான்.

அன்று சாயங்காலம் மனைவி கண்ணாடி அலமாரியைத் திறந்தாள். வெல்வெட் பெட்டியிலிருந்து குறட்டை எடுத்தாள். மீட்டர் கம்பியைத் திருகு கழலாதபடி கட்டி, ஈயத்தை வைத்து, ஒரே அழுத்து. முத்திரை கச்சிதமாக விழுந்தது. "சரியா இருக்காங்க?" என்று அவரிடமே காட்டினாள். பழக்கதோஷத்தில் குனிந்து பார்த்து, "சரியா இருக்கு" என்று சொல்லிவிட்டார்.

இவ்வளவையும் சொல்லி முடித்து, "மனசுல இருந்ததெல்லாம் இறக்கி வெச்சுட்டேம்மா, ஒரு குந்துமணி மறைக்கலை" என்று பெருமூச்சு விட்டார். எனக்கும் மூடின கண்ணோரம் ஈரமாகத்தான் இருந்தது. மருந்தாகவும் இருக்கலாம். அப்போது மருந்துச் சீட்டு சரசரக்க அவர் மனைவி வந்து நிற்கிற சத்தம் கேட்டது.

"எல்லாம் சொல்லிட்டாரா? கேக் எத்தனைன்னு சொன்னார்?"

"ஒண்ணுன்னு சொன்னார்" என்றேன்.

"மூணு. அந்தப் பேக்கரிக்குச் சீருடை நாங்கதான் தைக்கிறோம்."

பெஞ்சில் என் பக்கத்தில் இருந்தவர் மெல்லத் தள்ளி உட்கார்கிற சத்தம் கேட்டது.

கிளம்பும்போது அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டார். நான் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டேன், அதனால் உங்களிடமும் கேட்கிறேன். காலை நேரத்தில் தண்ணித் தொட்டி மேட்டுப் பக்கம் வண்டியில் போனால், வெள்ளைச் செருப்புப் போட்ட ஒருவர் ஓரமாக நின்று பாவமாகக் கை காட்டுவார். தயவு செய்து ஏற்றிக்கொள்ளாதீர்கள்.