வரிசையைக் கலைத்தது யார்?

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இங்கு எல்லாரும் நலம். அங்கு தங்கள் முழங்கால் வலியும் அக்காவின் கோபமும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

"ரிட்டயர் ஆன வயசுல கம்ப்யூட்டர் படிப்பு எதுக்கு மாப்ளே, பேசாம வீட்ல இரு" என்று தாங்கள் சொன்னபோது, ஒரு பாடத்தில் தோற்றாலும் விட்டுவிடுகிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் வாயைக் கொடுத்துவிட்டேன். அந்தப் பாடம் வந்து சேர்ந்துவிட்டது. மனிதனும் கணினியும் எப்படி ஒத்துப்போகிறார்கள் என்று ஆராயும் பாடம். ஒரே திரையில் பலர் வேலை செய்யும்போது ஒருவர் செய்யும் மாற்றம் மற்றவர் கண்ணில் ஏன் படுவதில்லை என்பது எங்கள் குழுவின் தலைப்பு. இதைப் பற்றி ஏற்கெனவே வந்த நாற்பது ஆய்வுக் கட்டுரைகளைப் படித்து, வரும் திங்கட்கிழமைக்குள் மீளாய்வு எழுதித் தர வேண்டும். தராவிட்டால் நால்வருக்கும் பூஜ்யம்.

குழுவில் ஒரு நர்ஸ், எந்தக் கட்டுரையையும் முதல் பத்தியோடு நிறுத்திக்கொள்வதால் 'சுருக்கம்' என்று பேர் வாங்கிய இளைஞன், ஓவியம் வரையும், வாயே திறக்காத ஒரு பெண், அப்புறம் நான். நால்வரும் திறக்கக்கூடிய ஒரே பட்டியலில் நாற்பதையும் போட்டு, முதல் பத்து எனக்கு, அடுத்த பத்து நர்ஸுக்கு என்று பிரித்துக்கொண்டோம். அந்தப் பட்டியல் கிடந்த கோலத்தை நீங்க பார்க்கணுமே அத்தான். தபால் பிரிக்கும் அறையில் முப்பத்தோரு வருஷம் நின்ற கை சும்மா இருக்குமா? திங்களன்று ஆண்டு வாரியாக அடுக்கினேன். திருப்தியில்லை, செவ்வாயன்று ஆசிரியர் பெயர் வாரியாக மாற்றினேன், புதனன்று தலைப்பு வாரியாக. ஒருத்தரும் நன்றிகூடச் சொல்லவில்லை, போகட்டும்.

வியாழனன்று நூலகத்தில் உட்கார்ந்து எல்லார் எழுதியதையும் சேர்த்துப் பார்த்தால், ஒரே கட்டுரையை நாலு பேரும் எழுதி வைத்திருக்கிறோம், பத்தொன்பது கட்டுரைகளை ஈ காக்கா தொடவில்லை. எந்த மூளை கெட்டவனோ வரிசையைக் கலைத்திருக்கிறான். நான் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டேன், அவன் நர்ஸைக் கை காட்டினான். "வார்டுல ஒரு கட்டில் நகந்தாலே கண்டுபிடிச்சிடுவேன், என்கிட்ட வேணாம்" என்றாள் அவள். ஓவியப் பெண் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல பெண், பெரியவர் என்ற மரியாதை. எனக்கு வந்த ஆத்திரத்தில், பத்தொன்பதையும் நானே படிக்கிறேன், கலைத்தவனையும் நானே பிடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன். பதினொன்று முடித்தாயிற்று. கண் எரிகிறது, கழுத்து பிடித்துக்கொண்டது. ஆனால் விடுவதாக இல்லை. உங்களிடம் தோற்பதைவிட மிச்சம் எட்டைப் படிப்பது சுலபம்.

அக்காவுக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு ஆசிகள். மாடிப்படி ஏறாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் பிடிவாதக்கார மைத்துனன்

பின்குறிப்பு: ஆள் சிக்கிவிட்டான். பட்டியலை யார், எப்போது மாற்றினார் என்று காட்ட ஓரத்திலேயே ஒரு பொத்தான் இருக்கிறதாம். ஓவியப் பெண் வந்து அழுத்திக் காட்டினாள். திங்கள் என் பேர், செவ்வாய் என் பேர், புதனும் என் பேர். நான் அடுக்க அடுக்க எல்லாருடைய பத்தும் இடம் மாறியிருக்கிறது. "அப்பவே தெரியும் சார். அவ்வளவு ஆசையா அடுக்கியிருந்தீங்க, சொல்ல மனசு வரல" என்றாள். மூவரிடமும் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். தலைப்புக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது என்று நர்ஸ் முதல் பக்கத்திலேயே என்னைப் போட்டுவிட்டாள். மிச்சம் எட்டை ஆளுக்கு இரண்டாகப் படிக்கிறோம். பட்டியலை நான் மட்டும் தொட முடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். மேலே 'மூளை கெட்டவன்' என்று வரும் இடத்தை அக்கா காதில் விழாமல் படிக்கவும்.