அஞ்சும் முப்பத்துமூணும்

"ஒம்போதுக்கு அஞ்சா?" என்றாள் மனைவி. "இதை வெச்சுக்கிட்டா சம்பந்திகிட்ட பேசப் போறீங்க?"

பிரிட்ஜ் மெக்கானிக் ஆங்கிலத் தேர்வு முடிவை மடித்துச் சட்டைப்பைக்குள் செருகிக்கொண்டார். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகள் அந்த ஊர்ப் பையன் ஒருவனை விரும்பிவிட்டாள். அடுத்த மாதம் பையனைப் பெற்றவர்கள் இங்கே வருகிறார்கள். பெண்ணைக் கொடுக்கிறவன் ஊமையாய் நிற்கக் கூடாதென்று, மகளுக்கும் சொல்லாமல், ஐம்பத்தாறு வயதில் வகுப்பில் சேர்ந்திருந்தார் மனிதர்.

"இதுக்கு பி ஒன் லெவலாம்" என்றார் சமாதானமாக.

"ஏ கூட வாங்கலையா?"

"இதுல ஏ-வை விட பி-தாம்மா ஒசத்தி!"

"எந்த ஊர்ல?"

அன்று முழுக்கச் சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின.

பொறுக்க முடியாமல் நூற்றிருபது மதிப்பெண்ணுக்கு நடக்கும் வேறொரு தேர்வை எழுதினார். முப்பத்துமூன்று வந்தது. வகுப்பு ஆசிரியை ஒப்பீட்டு அட்டவணையில் விரலை ஓட்டி, "அந்த அஞ்சும் இந்த முப்பத்துமூணும் கிட்டத்தட்ட ஒண்ணுதான் சார்" என்றார்.

"வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க டீச்சர்."

முப்பத்துமூன்று என்று மட்டும் அவர் சொன்னதும் மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. உடனே மகளுக்குப் போன் போட்டாள். "அப்பா இங்கிலீஷ் பரீட்சையில அஞ்சுலேர்ந்து முப்பத்துமூணுக்குப் போயிட்டாருடி! உன் மாமனார்கிட்ட சொல்லு!"

மறுநாளே பதில் வந்தது. சம்பந்தி பயணத்தை இரண்டு மாதம் தள்ளிப்போட்டுவிட்டாராம்.

"என் வாய்தான் கெடுத்துது. பெருமையடிக்கிறோம்னு நெனச்சுட்டாங்க" என்று மூக்கைச் சிந்தினாள்.

"நீ என்ன பண்ணுவ? மறைச்சவன் நான்தானே" என்று உண்மையை உடைத்தார். அவளுக்குத் திட்டக்கூடத் தோன்றவில்லை. அவர் எழுதிக் கிழித்து எழுதிய மன்னிப்பை நாலு தடவை ஒப்பிக்கச் சொல்லிக் கேட்டாள்.

வீடியோ அழைப்பில் சம்பந்தி விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

"சார், ஐ ஒன்லி ஃபைவ். சாரி. மை டாட்டர் வெரி குட் கேர்ள். ப்ளீஸ் கம்."

சம்பந்தியின் முகத்தில் ஈயாடவில்லை. மனைவி கணவர் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரையின் ஓரத்திலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா தெரியவில்லை.

"அப்பா, இந்த ஊர் பாஷையே வேற, என் மாமனாருக்கு இங்கிலீஷ் சுத்தமா வராது. உங்க முப்பத்துமூணைக் கேட்டு நடுங்கிப்போய், நேத்துதான் ரெண்டு மாச கிளாஸ்ல சேர்ந்திருக்காரு!"