கரும்பு வண்டியில் வந்த ஆரோக்கியம்

நாட்டைத் திருத்தப் புறப்படுகிறவனிடம் முதலில் அகப்படுவது அவன் வீட்டார்தான். நாடு பெரிது, எளிதில் கைக்குச் சிக்காது. வீட்டார் பாவம், சாப்பாட்டு வேளைக்கு எப்படியும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பட்டம் பெற்று வேலைக்குக் காத்திருந்த நாட்களில், உடல்நலப் புத்தகங்கள் சிலவற்றைப் படித்துவிட்டு என் குடும்பத்தை ஆராயத் தொடங்கினேன். திருத்தணி மலையடிவாரத்தில் வீடு; வீட்டுக்குள்ளேயே அப்பாவின் கைத்தறி. நைனா காலையில் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்தால் பொழுது சாயத்தான் எழுவார். ‘நாள் முழுதும் அமர்ந்திருத்தல், உடனடி நடவடிக்கை தேவை’ என்று குறித்துக்கொண்டேன். (குழிக்குள் அவருடைய இரண்டு கால்களும் ஓயாமல் மிதிகட்டையை மிதித்துக்கொண்டிருந்தது, தறிச் சத்தத்திலேயே வளர்ந்த எனக்குத் தோன்றவில்லை. புத்தகத்தில் அது இல்லை.)

விடியற்காலையில் எல்லோரும் மலைப்படி ஏறவேண்டும், இட்லிக்குப் பதில் முளைகட்டிய பயறு தின்னவேண்டும் என்று சட்டம் இயற்றினேன்.

“காத்தாலயிருந்து தெருவுல தறிக்குப் பாவு நூல் போட்டுகினு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகினே கீறோம். இன்னுமாடா நடக்கணும்?” என்றாள் அம்மா.

“அது வேலைம்மா. இது உடற்பயிற்சி.”

சட்டத்தைப் பயணத்துக்கும் நீட்டியதுதான் விபரீதம். தங்கை சரோஜாவைப் பெண் பார்க்கத் திருவாலங்காட்டுக் கோயிலில் ஏற்பாடாகியிருந்தது. மாப்பிள்ளைக்கு அங்கே சர்க்கரை ஆலையில் வேலை. ஏற்கெனவே இரண்டு வரன்கள் தட்டிப்போயிருந்தன. இந்த மாப்பிள்ளையைப் புகைப்படத்திலேயே அவளுக்குப் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகுகாலம். அதற்குள் பேசி முடிக்கவேண்டும்.

மணவூர் ஸ்டேஷனில் இறங்கியதும் ஜட்கா வண்டி பிடிக்கப் போன நைனாவை மறித்தேன்.

“நடந்தே போலாம் நைனா. நம்ம ஆரோக்கியத்த அவங்க கண்ணால பார்க்கட்டும்.”

“டேய், நேரத்துக்குப் போய்ச் சேரணும்டா.”

“நடங்க நைனா,” என்றாள் சரோஜா. “இவன்கிட்ட பேசிகினு நின்னா இங்கியே ராகுகாலம் வந்துடும்.”

முதல் பர்லாங்கில் நான் முன்னால் நடந்து ‘லெஃப்ட், ரைட்’ சொன்னேன். அடுத்ததில் அவர்களோடு நடந்தேன். அதற்கப்புறம் தூரத்தில் தெரிந்த அம்மாவின் சேலை நிறத்தை வைத்து வழி கண்டுபிடித்தேன். புதுச் செருப்பு குதிகாலைக் கடித்தது. பிடி பயறு தின்ற வயிறு முறையிட்டது. (நான் ரயிலில் கண்ணயர்ந்தபோது மற்ற மூவரும் அம்மாவின் பொட்டலத்திலிருந்து ஆளுக்கு ஆறு இட்லி தின்றிருந்தார்கள். இது பின்னால் வெளிவந்த உண்மை.) இருபுறமும் நின்ற கரும்புத் தோட்டம் மெல்லச் சுற்றத் தொடங்கியது. சாலையோரம் உட்கார்ந்தேன், பிறகு படுத்தேன்.

“எழுந்திருடா, நேரம் ஆவுதுடா!” சரோஜாவின் கண்கள் கலங்கிவிட்டன.

ஆலைக்குப் போன கரும்பு வண்டி ஒன்றை நைனா நிறுத்தி, கட்டுகளின் உச்சியில் என்னைக் கிடத்தினார். மூவரும் விரைந்து நடந்தார்கள். மாடுகள்தாம் அவர்களுக்கு ஈடுகொடுக்கத் திணறின.

கோயில் வாசலில் மாப்பிள்ளை வீட்டார் காத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் தாயார் அண்ணாந்து என்னைப் பார்த்தார். முகம் மாறியது.

“இன்னாங்க இது? புள்ளைக்கு இன்னா நோவு? குடும்பத்துல வர்ற நோவா?”

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். காய்ந்த கரும்புத் தோகைதான் உள்ளே போயிற்று. சரோஜா தலை குனிந்துகொண்டாள். மூன்றாவது வரனும் கைநழுவுவதை நான் வண்டி மேலிருந்தபடியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நைனா நிதானமாகத் துண்டால் முகத்தைத் துடைத்தார். “நோவெல்லாம் ஒண்ணுமில்லிங்க. பி.ஏ. படிச்சிருக்கான்.”

மாப்பிள்ளையின் தாயார் மற்ற மூவரையும் ஏற இறங்கப் பார்த்தார். “நடந்து வந்தீங்களே, நீங்க மூணு பேரும்?”

“நாங்க யாரும் அஞ்சாங்கிளாஸ் தாண்டலிங்க.”

“ஆங், அப்போ பொண்ணு நல்லாத்தான் இருக்கும்,” என்று அந்த அம்மாள் சிரித்துவிட்டார். மாப்பிள்ளை அதற்கு முன்பே சிரித்துக்கொண்டிருந்தார். ராகுகாலத்துக்கு ஐந்து நிமிடம் முன்னால் தாம்பூலம் மாறியது; நான் வண்டியிலிருந்து இறக்கப்பட்டது அதற்குப் பிறகுதான்.

இன்றும் நான் உடல்நலம் பற்றி வாயெடுத்தால், “மச்சான், வண்டி சொல்லட்டுமா?” என்பார் சரோஜாவின் கணவர். அதையாவது பொறுக்கலாம். எங்கள் குடும்பத்தில் எந்தக் குழந்தை சோர்ந்து படுத்தாலும், நெற்றியைத் தொட்டுப் பார்க்குமுன் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: “நோவா, பி.ஏ.வா?”