ஆற்றுத் தண்ணீர் வந்த பதினெட்டு நாள்

"வே அய்யாக்குட்டி, இதக் கொஞ்சம் குடிச்சுப் பாரும்."

டீக்கடை முத்துமணி தம்ளரை நீட்டியபோதே அய்யாக்குட்டி உஷாரானான். சும்மா டீ கொடுக்கிற ஆளில்லை முத்துமணி.

குடித்தான். "நல்லாத்தான இருக்கு."

"என்னத்த நல்லா இருக்கு? சப்புன்னு இருக்கு. ஆத்துத் தண்ணி வந்ததுல இருந்து டீ டீயா இல்ல. நேத்து எட்டு பேரு பாதியில வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டானுவ. டேங்க்ல நீரு ஏதும் பண்ணுதீரா?"

ஏரலுக்குக் கிழக்கே, கடலுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம் இருக்கிற அந்த ஊர், போர் தண்ணீரைக் குடித்தே வளர்ந்த ஊர். ரசத்துக்கு உப்புப் போடாவிட்டாலும் தெரியாது என்பார்கள். பாதி கேலி, பாதி நிஜம். ஒன்பது வருஷம் மனுக்கொடுத்து, பஸ்ஸை மறித்து, ஒருவழியாகப் போன வாரம் ஆற்றுத் தண்ணீர்த் திட்டத்தைத் திறந்துவைத்தார்கள். பந்தல், மேளம், பந்தலுக்குப் பின்னால் ஒரு டேங்கர் லாரி, மேடையில் பளபளவென்று ஒரு குழாய். பெரிய மனிதர்கள் திருப்ப, தண்ணீர் கொட்டியது. மேல்நிலைத் தொட்டி ஆபரேட்டர் என்ற உரிமையில் அய்யாக்குட்டியும் ஒரு கை ஏந்திக் குடித்தான். கற்கண்டு. அந்த இடத்திலேயே அவனுக்கு அழுகை வந்துவிட்டது.

காரணம் இருந்தது. அவன் மனைவி சண்முகவடிவுக்கு இரண்டு கிட்னியிலும் கல். உப்புத் தண்ணீர் ஒரு வாய்கூட ஆகாது என்று தூத்துக்குடி டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வருஷமாக அவளுக்குக் கேன் தண்ணீர்தான். ஊருக்கே தண்ணீர் திறந்துவிடுகிறவன் வீட்டில் கேன் இறங்குவதைப் பார்த்து ஊர் சிரித்தது. விழா அன்று சாயங்காலமே கேன்காரனை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டான்.

"கொஞ்சம் கரிக்கேங்க" என்றாள் அவள், முதல் தம்ளரிலேயே.

"ஒன் நாக்கு கேன் தண்ணிக்குப் பழகிட்டுளா. இது ஆத்துத் தண்ணி. அப்படித்தான் இருக்கும்."

அவள் மீதியையும் குடித்தாள். புருஷன் ஒன்பது வருஷம் காத்திருந்த தண்ணீரை எப்படிக் குறை சொல்வது?

முத்துமணியின் வாயை அடைக்க அய்யாக்குட்டி ஒரு வழி கண்டுபிடித்தான். பிளீச்சிங் பவுடரை ஒரு பங்குக்கு இரண்டாகப் போட்டான். மணம் ஏறினால் ருசியும் ஏறும் என்று அவன் கணக்கு. மறுநாள் ஊரில் ஒரு வீட்டிலும் இட்லி மாவு பொங்கவில்லை. குடங்களோடு பெண்கள் தொட்டியடியில் வந்து நின்றார்கள்.

"இது தண்ணியா, மருந்தா? எங்க மாவெல்லாம் கல்லு மாதிரி கெடக்கு" என்றாள் முன்னால் நின்ற பானுப்ரியா.

சரி, மருந்துதானே வேண்டாம் என்கிறார்கள் என்று அய்யாக்குட்டி பவுடரை அடியோடு நிறுத்தினான். நாலாம் நாள் மூன்று தெருவுக்கு வயிற்றால் போயிற்று. ஆற்றுத் தண்ணீர் இந்த ஊர் உடம்புக்குச் சேரவில்லை என்று ஊரே முடிவுகட்டி, கையெழுத்து வாங்க ஆரம்பித்தது. பேரூராட்சி அதிகாரி கூப்பிட்டுவிட்டார்.

"இன்னொரு கம்ப்ளைன்ட் வந்துச்சுன்னா நீங்க வீட்டுக்குப் போகலாம்."

பாவம், அவன் என்ன செய்வான்? மோட்டார் ரூம் சாவிகூட அவனிடம் இல்லை. விழா அன்றே கான்ட்ராக்டர் ஆள் ஜெஸ்டின் வாங்கிக்கொண்டுவிட்டான். "இனிமே தொட்டிய நிரப்புறது எங்க வேல அண்ணாச்சி. நீங்க பவுடரப் போட்டுட்டு, தெரு வால்வ மட்டும் திருப்புங்க." அய்யாக்குட்டியால் முடிந்ததெல்லாம் தொட்டிக்குள் எதையாவது போடுவதுதான்.

போட்டான். பவுடரைப் பழைய அளவுக்கே போட்டான். அதோடு, ஊர் நாக்குக்குப் பழகிய உப்புத்தான் குறை என்று எண்ணி, உப்பளத்தில் வேலை பார்க்கும் மச்சினனிடம் சொல்லி ஆறு மூடை உப்பு வரவழைத்து, ஒவ்வொன்றாகத் தோளில் ஏற்றித் தொட்டிக்குள் கொட்டினான். கொட்டுவதற்கு முன்னால் மறக்காமல், அவன் கணக்குப்படி தங்கமான அந்தத் தண்ணீரை, சண்முகவடிவுக்காக ஒரு டிரம் பிடித்து மூடி வைத்தான்.

மறுநாள் முத்துமணியே எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பத்தான்வே தண்ணி. பழைய போர் தண்ணியவே விட்டுட்டீரு, என்னா?"

அய்யாக்குட்டி தலையை ஆட்டினான். ஆட்டியிருக்கக் கூடாது. போர் தண்ணீர் வந்ததும் வயிற்றுப்போக்கு நின்றுவிட்டது என்று ஊர் பேசியது. அடுத்த கூட்டத்திலேயே பேரூராட்சி தீர்மானம் போட்டது: ஆற்றுத் தண்ணீர் எங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கேட்கிற ஊருக்குக் கொடுத்துவிடுங்கள். அதற்குக் கைதட்டு வேறு.

அன்றைக்குத்தான் சண்முகவடிவு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். தூத்துக்குடி டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தார்.

"உப்புத் தண்ணி குடுக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்லியிருக்கேன்?"

"சத்தியமா இல்ல சார். சுத்தமான ஆத்துத் தண்ணி. டிரம்ல தனியாப் பிடிச்சு வச்சுக் குடுக்கேன்."

"ஒரு பக்கத்துக் கிட்னி ஏறக்குறைய போயிடுச்சு. இன்னொண்ணையாவது காப்பாத்திக்கோங்க."

கட்டிலில் கிடந்த சண்முகவடிவு, "அவுகளத் திட்டாதீங்க சார், ஊருக்கே ஆகாத தண்ணி எனக்கு மட்டும் எப்படி ஆகும்?" என்றாள். அய்யாக்குட்டியால் அதைத்தான் தாங்கமுடியவில்லை. தான் கொட்டிய உப்பு எப்படியோ அந்த டிரம்முக்குள்ளும் இறங்கியிருக்க வேண்டும் என்று நினைத்தான். வேலை போனாலும் போகட்டும், ஆற்றுத் தண்ணீர் போகக்கூடாது. பஸ் பிடித்து ஊர் எல்லையில் இறங்கி, ஆற்றிலிருந்து வரும் பெரிய குழாய் ஊருக்குள் திரும்பும் இடத்துக்கு ஓடினான்.

அங்கே ஜெஸ்டின் குழிக்குள் இறங்கி, வால்வின் போல்ட்டுகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். மேலே, குழாயை அடுத்த ஊருக்குக் கொண்டுபோக லாரி நின்றது.

"ஏலே ஜெஸ்டின், கழட்டாதடே" என்று அய்யாக்குட்டி குழியோரத்தில் உட்கார்ந்துவிட்டான். "தண்ணி மேல ஒரு குத்தமும் இல்ல. பவுடரக் கூட்டுனதும் நான், நிறுத்துனதும் நான், உப்பக் கொட்டுனதும் நான். எங்கன வேணும்னாலும் வந்து சொல்லுதேன். இந்த ஆத்துத் தண்ணிய மட்டும் நிறுத்திராத. என் பொண்டாட்டி உசுரு இதுலதான் இருக்கு."

ஜெஸ்டின் ஸ்பானரைக் கீழே வைத்தான்.

"எந்த ஆத்துத் தண்ணி அண்ணாச்சி? தொட்டிக்கு ஏத்துனதெல்லாம் பழைய போர் தண்ணிதான். இந்த வால்வ நாங்க இன்னும் ஒரு நாள்கூடத் தொறக்கலியே."