தொட்டால் துலங்கும்

மனித குலம் முதலில் நெருப்பைக் கண்டுபிடித்தது. பிறகு சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன்பின் நெடுங்காலம் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் நடக்கவில்லை. போன மாதம்தான் எங்கள் அலுவலகத்தில் நாங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு காரைக் கையால் தேய்த்தோம்.

இந்த மகத்தான நிகழ்ச்சியைப் பதிவுசெய்ய என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது. நான் நிர்வாகப் பிரிவின் கண்காணிப்பாளர். கூட்டம் கூட்டியதும் நான், விசாரணை நடத்தியதும் நான், நடுவில் தேய்த்ததும் நான். அதுவும் இரண்டு முறை.

கார் பத்தொன்பது வருடப் பழசு. வாங்கும்போது நல்ல சிவப்பு. வெயிலில் நின்று நின்று வெளுத்து, சிவப்பும் இல்லாமல் வெள்ளையும் இல்லாமல், காய்ச்சலிலிருந்து எழுந்தவன் உதடு மாதிரி ஆகிவிட்டது. கை வைத்தால் மாவு போல ஒட்டும். எஞ்சின் மட்டும் மணி மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் எஞ்சினை மூடிக்குள் வைத்துவிட்டார்கள். கண்ணுக்குத் தெரியாததை அலுவலகம் எப்படி மதிப்பது?

அப்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்தது. ‘தோற்றப் பொலிவு’ இழந்த வாகனங்கள் கழிக்கப்படும். வாகனம் கழிக்கப்பட்ட இடங்களில் ஓட்டுநர் பணியிடமும் ‘இயல்பாகவே மறைந்துவிடும்’. இரண்டு வாரத்தில் ஆய்வாளர் வருவார். ‘இயல்பாகவே மறைந்துவிடும்’ என்ற தொடரின் நயத்தை நான் மூன்று முறை படித்து ரசித்தேன். எங்கள் ஓட்டுநர் ஒரே முறைதான் படித்தார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் ஆறு வருடம் இருந்தது. வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். படித்த கையோடு இயக்குநர் அறைக்குள் போய்விட்டார்.

“ஐயா, பெயிண்ட் சாகலீங்க. மேல் தோல்தான் வெளுத்திருக்கு. அத மெதுவா தேச்சு எடுத்தா அடியில பழைய சிவப்பு அப்படியே இருக்கும். பன்னெண்டு நாள் குடுங்க, கொண்டுவந்துடறேன்.”

“மெஷின் எதுவும் வேணுமா?”

“வேண்டாங்கய்யா. பழைய பெயிண்ட், மெஷின் வெச்சா சூட்டுலயே போயிடும். கையாலதான் தேய்க்கணும்.”

‘கையால’ என்ற சொல் இயக்குநரை நாற்காலியிலிருந்து எழுப்பியது. முந்தின வாரம்தான் அவர் குளிரூட்டிய அரங்கில், மெத்தை இருக்கையில் சாய்ந்தபடி, உடல் உழைப்பின் மேன்மை பற்றி மூன்று நாள் பயிற்சி முடித்து வந்திருந்தார். உடனே கூட்டம் போட்டோம். ‘தொட்டால் துலங்கும்’ திட்டம் பிறந்தது. திட்டத்துக்கு ஒரு தலைவர், ஒரு துணைத் தலைவர், இரண்டு ஒருங்கிணைப்பாளர்கள், செயலராக நான். தேய்ப்பதற்கு ஓட்டுநர்.

அவர் வேலை செய்த விதத்தையும் சொல்ல வேண்டும், விசாரணையில் பிறகு அது பயன்பட்டது. காரை நிழலுக்குத் தள்ளினார். இரண்டு முறை கழுவினார். பிசைந்த களிமண் மாதிரி ஒரு கட்டியை ஈரத்தோடு தடவித் தடவி, கண்ணுக்குத் தெரியாத மணலையெல்லாம் எடுத்தார். ஓரங்களில் பெயிண்ட் மெலிசாக இருக்கும் என்று காகித டேப் ஒட்டினார். பிறகு பாலிஷ் களிம்பைத் துணியில் கொஞ்சமாகத் தொட்டு, சாண் அகலத்துக்கு ஒரு கட்டம், நேராகப் போய் நேராக வந்து தேய்த்தார். துணி சிவந்ததும் நிறுத்திப் பார்ப்பார். போதும் என்று பட்டால் அந்தக் கட்டத்தைத் திரும்பித் தொடமாட்டார்.

நான் இரண்டு நாள் மேற்பார்வைக்குப் போனேன்.

“ஏன்ப்பா இவ்வளவு மெதுவா?”

“இருக்கறதே தாள் கனம்தாங்கய்யா. தேச்சு எடுத்தத திருப்பி வைக்க முடியாது.”

‘நேர மேலாண்மையில் பின்தங்கியவர்’ என்று குறித்துக்கொண்டேன்.

பன்னிரண்டாம் நாள் மதியம் மெழுகு போட்டுத் துடைத்து முடித்தார். உண்மையைச் சொல்கிறேன், நான் அசந்துபோனேன். அந்தக் காரா இது! கணக்குப் பிரிவு அம்மையார் கதவில் முகம் பார்த்துத் தலைமுடியைச் சரிசெய்துகொண்டார். ஓட்டுநர் ஓரமாக உட்கார்ந்து, விரல்களை ஒவ்வொன்றாக நீட்டி மடக்கிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மறுநாள் காலைதான் ஆய்வு.

வேலை முடிந்துவிட்டதால் அன்று மாலையே திட்டத்தைத் தொடங்கிவைத்தோம். இயக்குநர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்.

“ஐயா, வேலை முடிஞ்சிருச்சுங்க” என்றார் ஓட்டுநர்.

“முடிஞ்சதாலதாம்ப்பா நான் வந்திருக்கேன்.”

புதுத் துணியை வாங்கிக் களிம்பைத் தாராளமாக அள்ளினார். எங்கே தேய்ப்பது? முன் மூடியின் நட்டநடுவில், காரிலேயே அதிகமாக மின்னிய இடத்தைத் தேர்ந்தெடுத்தார். தலைவர்கள் மங்கிய இடங்களில் கை வைப்பதில்லை. பத்து தேய்ப்பு. துணியைத் தூக்கிக் காட்டினார். செக்கச் சிவந்திருந்தது.

“பாத்தீங்களா! பன்னெண்டு நாள் தேச்சும் எவ்வளவு அழுக்கு பாக்கி வெச்சிருக்காரு!”

“அது அழுக்கு இல்லீங்கய்யா. பெயிண்ட்டு.”

கைதட்டலில் அது இயக்குநர் காதில் விழவில்லை. என் காதில் விழுந்தது. ஆனால் நான் ஏற்கெனவே கைதட்ட ஆரம்பித்துவிட்டேன், பாதியில் நிறுத்தினால் நன்றாகவா இருக்கும்?

அந்தத் துணியைக் கண்ணாடிச் சட்டத்தில் போட்டு ‘உழைப்புச் சான்று’ என்று தன் அறையில் மாட்டப்போவதாக இயக்குநர் அறிவித்தார். அவ்வளவுதான், எல்லோருக்கும் உழைக்கும் வெறி பிடித்துவிட்டது. பதவி வரிசைப்படி இருபத்து மூன்று பேர் நின்றோம். எல்லோரும் அதே இடத்தில்தான் தேய்த்தோம். இயக்குநர் தொட்ட இடத்தை விட்டு வேறு இடத்தைத் தொட்டால் தனிக்கட்சி தொடங்குகிறான் என்று நினைத்துவிடுவார். யார் துணி அதிகம் சிவக்கிறதோ அவரே அதிகம் உழைத்தவர். துணை இயக்குநர் துணி ரத்தச் சிவப்பு. என்னுடையது வெறும் ரோஜா நிறம். மானம் போய்விடும் என்று மறுபடி வரிசையில் நுழைந்து, இரண்டு கையாலும் அழுத்தித் தேய்த்தேன்.

“போதுங்கய்யா” என்று ஓட்டுநர் ஒவ்வொருவராகக் கெஞ்சினார். “உங்களுக்குப் புண்ணியமாப் போகும், அந்த இடத்துல இனிமே ஒண்ணும் இல்லீங்கய்யா. நாளைக்கு ஆய்வு இருக்கு.” கடைசியில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

“உழைப்புக்குக் குறுக்க நிக்கிறியா?” என்று கேட்டார் துணை இயக்குநர்.

ஓட்டுநர் விலகினார்.

கடைசி ஆளான தட்டச்சர் பெரும் மனக்குறையோடு துணியை நீட்டினார். “சார், எனக்குச் சிவப்பே வரல. சாம்பல்தான் வருது!”

குனிந்து பார்த்தோம். உள்ளங்கை அகலத்துக்குச் சாம்பல் நிறம். அதன் நடுவில் ஏதோ பளபளத்தது.

“இது என்னப்பா புது நிறம்?” என்றார் இயக்குநர்.

“தகரங்கய்யா.”

மறுநாள் ஆய்வாளர் காரைச் சுற்றி வந்தார். பின்பக்கம் பார்த்துத் தலையாட்டினார். கதவுகளைப் பார்த்து, “அட!” என்றார். முன்பக்கம் வந்ததும் நின்றார். ‘தகரம் வெளித் தெரிகிறது. கழிக்கலாம்’ என்று ஒரே வரியில் எழுதிவிட்டுப் போனார்.

தவறு நடந்தால் விசாரணை நடத்தாமல் விடுவது எங்கள் வழக்கம் இல்லை. என் அறையில், என் தலைமையில் நடத்தினேன்.

“வண்டியத் தேச்சது நீங்கதானே?”

“ஆமாங்கய்யா. பன்னெண்டு நாள்.”

“அதுக்கு ஆதாரம்? உங்க துணி எங்க?”

“துவைச்சுத் துவைச்சுத் தேச்சேங்க. நைஞ்சு போச்சு, தூக்கிப் போட்டுட்டேன்.”

“கண்ணாடிச் சட்டத்துல போடலையா?”

“இல்லீங்க.”

“சரி, அந்த இடத்துல இருந்த பெயிண்ட் எங்க போச்சு?”

அவர் என் மேசையைப் பார்த்தார். அங்கே சட்டத்துக்குள் என் முதல் துணி இருந்தது. நான் அதை மெல்லக் கோப்புகளுக்குப் பின்னால் நகர்த்தினேன்.

அறிக்கையில் இரண்டு முடிவுகள். ஒன்று: காரைப் பொலிவாக்கியதில் ஓட்டுநருக்குப் பங்கு இருந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை, இருபத்து மூன்று பேரிடம் கண்ணாடி போட்ட சான்று இருக்கிறது. இரண்டு: தேய்த்ததால்தான் பெயிண்ட் போனது, தேய்த்ததாக வாயால் ஒப்புக்கொண்டவர் ஓட்டுநர் ஒருவரே. வெள்ளிக்கிழமை அவர் பணியிடம் இயல்பாகவே மறைந்தது. சாவியை என்னிடம் கொடுக்கும்போது, “வலப் பக்கக் கதவ கொஞ்சம் இழுத்துச் சாத்தச் சொல்லுங்கய்யா” என்றார். அதற்குப் பிறகு எனக்கு ஒரு கோப்பும் ஓடவில்லை. மதியம் கொஞ்சம் அதிகமாகச் சாப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது.

என் இரண்டாவது துணி, அந்த நல்ல சிவப்பு, வீட்டுக் கூடத்தில் மாட்டப்பட்டது. மனைவி இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“என்னங்க இது, கறைத் துணிய மாட்டி வெச்சிருக்கீங்க?”

“உழைப்புச் சான்று.”

“நீங்களா? இந்த வீட்ல ஒரு துரும்பக் கிள்ளிப் போட்டதில்லையே!”

முழுக் கதையையும் பெருமையோடு சொன்னேன்.

“அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரே, அந்த டிரைவர் அண்ணனா?”

“அவரேதான்.”

“இப்ப என்ன பண்றாராம்?”

“அது அறிக்கையில வராது” என்றேன்.

அவள் சட்டத்தின் அருகில் போய்க் கண்ணாடியில் விரலை வைத்தாள்.

“அவரு வண்டியில இருந்தத எடுத்தீங்க. அவரு வேலையையும் எடுத்தீங்க. எடுத்தத இப்படி வர்றவங்க போறவங்க பாக்க நடுக்கூடத்துல மாட்டியிருக்கீங்களே” என்றாள். “திருடன்கூட ஒளிச்சுத்தாங்க வைப்பான்.”