மாமியார் படத்தைப் பார்த்த பூனை

பூனை வீட்டுக்கு வந்த நாலாவது நாள் சுப்பராயலு ஒரு முடிவுக்கு வந்தார். அது பூனை இல்லை.

பார்வைக்குப் பூனைதான். நாலு கால், ஒரு வால், சாம்பல் நிறம், இரண்டு பக்கமும் மீசை. ஆனால் மீசையை வைத்து எதையும் சொல்லிவிட முடியாது. காலமான அவருடைய மாமியார் அபிதகுசாம்பாளுக்கும் லேசாக மீசை உண்டு.

சுப்பராயலு ஆரணியில் முப்பது வருஷமாகப் பட்டு நெய்கிறவர். எலி வந்து பாவு நூலைக் கடிக்கிறது என்று அவர் வாய்தவறிப் புலம்பியது ஒரு செவ்வாய்க்கிழமை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர் மனைவி பரிமளா போளூர் பஸ்ஸிலிருந்து ஒரு கூடையோடு இறங்கிவிட்டாள். போளூரில் ரிடையரான டீச்சர் ஒருவர், தெருவில் கைவிடப்பட்ட பூனைகளுக்குக் காப்பகம் நடத்துகிறாராம். கூடைக்குள்ளிருந்து இறங்கியதைப் பார்த்து சுப்பராயலு இரண்டடி பின்னால் போனார்.

"இன்னாடி இது, இம்மாம் பெருசு? குட்டியா ஒண்ணு கெடைக்கலியா?"

"குட்டின்னா எல்லாரும் வந்து தூக்கிகினு பூடறாங்க. வளந்தத ஒருத்தரும் சீண்டறதில்ல, பாவம்."

"இதுக்கு வயசு இன்னா?"

"ஏழு. வளந்த பூனைன்னா அதோட கொணம் தெரிஞ்சி எடுக்கலாங்க. புடிக்கலன்னா பதினஞ்சி நாளுக்குள்ள திருப்பியும் குடுத்துடலாம். உங்கள கட்டிகினப்போ எனக்கு இந்த வசதியெல்லாம் இல்ல."

சுப்பராயலு பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள் ஏழு என்ற எண் உறைத்தது. மாமியார் கண்ணை மூடி போன ஐப்பசியோடு சரியாக ஏழு வருஷம்.

பூனை யாரையும் கேட்கவில்லை. இடது பின்னங்காலை லேசாக இழுத்து இழுத்து நடந்து, கூடத்தைக் கடந்து, சமையலறை வாசலில் போய் உட்கார்ந்தது. அபிதகுசாம்பாளும் இடது காலை இழுத்துத்தான் நடப்பார். அதே வாசலில், அதே இடத்தில் உட்கார்ந்துதான் மருமகன் எத்தனை இட்லி தின்கிறார் என்று எண்ணுவார். பூனை சாயங்காலம் ஐந்தரைக்குச் சோறு தின்றது. விளக்கு வைத்தபிறகு பால் வைத்தாலும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டது. மாமியாரும் கடைசிக் காலத்தில் பொழுது சாய்ந்தபின் பச்சைத் தண்ணீர்கூடத் தொட்டதில்லை.

இதையெல்லாம்கூட அவர் பொறுத்துக்கொண்டிருப்பார். அவருடைய ரகசியங்கள் இரண்டையும் அது விட்டுவைத்திருந்தால்.

முதல் ரகசியம் மைசூர்பாகு. சுப்பராயலுவுக்குச் சர்க்கரை வியாதி வந்து ஆறு வருஷம் ஆகிறது. பரிமளா வீட்டில் சர்க்கரை டப்பாவையே ஒழித்துவிட்டாள். அதனால் அவர் கடையில் கால் கிலோ வாங்கி, தறி அறையில் ஊடை நூல் சுற்றிய குச்சிகளைப் போடும் டப்பாவின் அடியில் வைத்து, நாளுக்கு இரண்டு துண்டாக நாட்டைக் காப்பாற்றுகிற சிரத்தையோடு தின்று வந்தார்.

இரண்டாவது ரகசியம் ஒரு காகிதம். போன மாதம் அவருடைய இடது கால் கட்டைவிரல் மரத்துப்போனது. யாருக்கும் சொல்லாமல் ரத்தம் கொடுத்துவிட்டு வந்தார். ரிப்போர்ட்டில் சாப்பாட்டுக்கு முன்பே இருநூற்று எண்பது என்று வந்தது. அதன் அடியிலேயே டாக்டர், உடனே வேலூர் போய்ப் பாதத்தைக் காட்டவும் என்று எழுதிக் கோடும் போட்டிருந்தார். குழித்தறிக்காரனுக்குக் கால்தான் பாதித் தொழில். குழியில் காலை விட்டு மிதித்தால்தான் தறி ஓடும். வேலூருக்குப் போனால் தறியில் உட்காராதே என்று சொல்லிவிடுவார்கள் என்று அவர் நடுங்கினார். பரிமளா கையில் அந்தக் காகிதம் கிடைத்தால் அடுத்த பஸ்ஸிலேயே வேலூர்தான். ஆகையால் அதை நாலாக மடித்து, கூடத்தில் மாட்டியிருந்த மாமியார் படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். அந்தப் படத்தைப் பரிமளா வருஷத்துக்கு ஒருமுறை, திதியன்றுதான் இறக்கித் துடைப்பாள். திதிக்கு இன்னும் எட்டு மாதம் இருந்தது.

நாலாவது நாள் பூனை ஊடைக் குச்சி டப்பா எதிரில் போய் உட்கார்ந்தது. எழுந்திருக்கவே இல்லை.

"ஏங்க, இது இன்னா இங்கயே உக்காந்துகினு கீது?" என்று பரிமளா டப்பாவைத் திறந்தாள். மைசூர்பாகைப் பார்த்தாள். சுப்பராயலு காதைப் பொத்திக்கொள்ளத் தயாரானார். அவளோ ஒரு வார்த்தை பேசாமல் பொட்டலத்தை எடுத்துப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தாள். திட்டியிருந்தால் அவருக்குத் தெம்பாக இருந்திருக்கும்.

அடுத்த பொட்டலம் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் போனது. பூனை சீட்டின்மேல் ஏறிப் படுத்தது. அதற்கடுத்தது அவருடைய தலையணை உறைக்குள் போனது. அன்று மத்தியானம் அவர் தூங்கப் போனபோது தலையணையின்மேல் பூனை உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணைச் சிமிட்டவில்லை. மாமியாரும் சிமிட்டமாட்டார்.

பத்தாவது நாள் நிலைமை முற்றியது. அன்று பூனை கூடத்து நடுவில் உட்கார்ந்து, தலையைத் தூக்கி, மாமியார் படத்தைப் பார்க்க ஆரம்பித்தது. அரை மணி நேரம் பார்த்தது. ஒரு மணி நேரம் பார்த்தது. கூர்ந்து கவனித்தபோது அது படத்தின் முகத்தைப் பார்க்கவில்லை என்று தெரிந்தது. இடது மேல் மூலையைப் பார்த்தது. காகிதம் செருகியிருந்த மூலை அதுதான்.

பக்கத்துத் தறிக்காரர் சடையப்பனிடம் நடந்ததைச் சொல்லி யோசனை கேட்டார். ரிப்போர்ட்டை மட்டும் சொல்லவில்லை.

"ஏம்பா, செத்தவங்க பூனையா வருவாங்களா?"

"சும்மா வரமாட்டாங்க. எதுனா பாக்கி இருந்தா வருவாங்க. உன் மாமியாருக்கு இன்னா பாக்கி?"

"என்ன ஒரு கை பாக்கணும்னு கடேசி வரிக்கும் சொல்லிகினு இருந்தாங்க."

சடையப்பன் டீயைக் குடித்து முடித்தார். "அப்போ வந்துகிறது அவங்கதான்" என்றார் நிம்மதியாக. மாமியார் அவருடையவர் இல்லையே.

பதிமூன்றாம் நாள் அமாவாசை. அமாவாசையன்று நெசவுத் தெருவில் ஒரு தறியும் ஓடாது. மற்ற நாளெல்லாம் காதைத் துளைக்கிற தெரு அன்று ஊரே காலிசெய்து போனமாதிரி கிடக்கும். உச்சிப்பொழுது. கூடத்தில் மாமியார் படத்துக்கு முன்னால் இலை போட்டுப் படையல் வைத்துவிட்டு, காக்கைக்குச் சோறு வைக்கப் பரிமளா மாடிக்குப் போயிருந்தாள். சுப்பராயலு தனியாக உட்கார்ந்திருந்தார்.

டக்.

தறி அறையிலிருந்துதான் வந்தது. சுப்பராயலு எழுந்து நின்றார். தெரிந்த சத்தம்தான். முப்பது வருஷமாக அவர் காலே எழுப்பிய சத்தம். இன்றைக்கு அவர் கால் இங்கே இருக்கிறது, சத்தம் அங்கே கேட்கிறது.

டக்.

சுவரைப் பிடித்துக்கொண்டே போய் எட்டிப் பார்த்தார். உட்காரும் பலகை காலியாக இருந்தது. பாவு நூல்கள் ஆயிரம் ஒன்றாக ஏறி இறங்கின. குனிந்து குழிக்குள் பார்த்தார். இருட்டில் இரண்டு கண்கள். மிதிக்கட்டையின்மேல், சரியாக அவருடைய இடது கால் படுகிற இடத்தில், அது உட்கார்ந்திருந்தது.

பிறகு நிதானமாக மேலே ஏறியது. காலை இழுத்து இழுத்து அவரைத் தாண்டிக் கூடத்துக்குப் போனது. இலையில் வடை இருந்தது, பாயசம் இருந்தது, நெய் ஊற்றிய பருப்புகூட இருந்தது. எதையும் மோந்து பார்க்கவில்லை. இலைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, தலையைத் தூக்கி, அந்த மூலையைப் பார்த்தது.

"அத்தே," என்றார் சுப்பராயலு, தன்னையறியாமல், கையைக் கட்டிக்கொண்டு. "பரிமளாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க."

பூனை காதை ஒருமுறை அசைத்தது.

மறுநாள் காலையில் ஒரு யாவாரியைப் பார்க்கப் போளூர் போவதாகச் சொல்லிக்கொண்டு அவர் புடவைப் பையோடு கிளம்பினார். பை அசைந்தது.

"ஜிப்ப ஃபுல்லா இழுத்துடாதீங்க" என்றாள் பரிமளா, கீரை ஆய்ந்துகொண்டே. "பட்டுக்குக் கொஞ்சம் காத்து வேணும்."

"முப்பது வருசமா நெய்யறேன், எனக்குத் தெரியாதா?" என்று சொல்லிவிட்டு ஜல்தியாக நடையைக் கட்டினார்.

பஸ்ஸில் பூனை சத்தமே போடவில்லை. பைக்கு வெளியே தலையை நீட்டி ஜன்னல் வழியாக வயலைப் பார்த்துக்கொண்டு வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் அதை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "யாரோ பெரியவங்க ஊருக்குப் போறாப்பல கீதே" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சுப்பராயலு கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்தபோது பை காலியாக இருந்தது.

பதறிக் குனிந்தார். பூனை கீழே, அவருடைய இடது பாதத்தின்மேல், முழுப் பாரத்தையும் வைத்துச் சுருண்டு படுத்திருந்தது. நாலு கிலோ இருக்கும். எப்போது வந்து படுத்ததோ தெரியாது. பாதத்தில் சூடும் தெரியவில்லை, கனமும் தெரியவில்லை. வேறு யாருடைய காலின்மேலோ படுத்திருப்பதுபோல இருந்தது. சுப்பராயலு உண்மையாகவே பயந்துபோனார். இந்தமுறை பூனையைக் கண்டு அல்ல.

காப்பகத்து டீச்சர் ரத்னாவதி சமண வீட்டு அம்மாள். வாசலிலேயே ஏழெட்டுப் பூனைகள். உட்காரச் சொல்லிக் காப்பி கொடுத்தார். அதில் துளிச் சர்க்கரை இல்லை.

"திருப்பிக் குடுக்கலாம்னு வந்தேன், டீச்சர். இது சாதாரண பூனை இல்ல."

"இல்லதான். அதனாலதானே உங்க வீட்டம்மா எடுத்தாங்க?" டீச்சர் ஒரு நீள நோட்டைப் பிரித்தார். "எங்ககிட்ட ஒவ்வொரு பெரிய பூனைக்கும் ஒரு பக்கம் உண்டு. குட்டி நாளைக்கு எப்படி வளரும்னு யார் கண்டா? பெருசோட குணம் எழுதியே வெச்சிருக்கோம். இதோ பாருங்க. எங்க வீட்ல கறி, மீன் கிடையாது. நெய்ச்சோறுதான். இதுக்கு நெய் வாசனைன்னா உசுரு. ஆனா எதிர்ல வெச்சத, சாப்பிடுன்னு சொல்லாம தொடாது. ஒளிச்சு வெச்சாத்தான் விடாது, போய் உக்காந்துடும். எங்க வீட்ல பொழுது சாய்ஞ்சா சாப்பாடு இல்ல, இதுக்கும் அதே பழக்கம். காலு, ஒரு ஸ்கூட்டர் இடிச்சது."

சுப்பராயலு பாதிக் காப்பியோடு டம்ளரைக் கீழே வைத்தார்.

"எம்பொண்டாட்டி இதையெல்லாம் படிச்சாளா?"

"படிச்சாங்களாவா? மூணு மாசமா நாலு தடவை வந்தாங்க. இருபத்திரண்டு பக்கமும் படிச்சிட்டு இதைத்தான் குடுக்கணும்னாங்க."

"மூணு மாசமாவா? எங்க வூட்ல எலி வந்ததே போன மாசம்தான!"

"எலியா? எலியப் பத்தி அவங்க பேசவே இல்லையே."

சுப்பராயலு வாய்விட்டுச் சிரித்தார். மாமியாரும் இல்லை, ஆவியும் இல்லை. பொண்டாட்டி நெய்யை மோப்பம் பிடிக்கிற போலீஸ் வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். பதினாலு நாள் பயம் ஒரே மூச்சில் இறங்கியது. அந்தச் சந்தோஷத்தில் பூனைமேல்கூட அவருக்குப் பாசம் வந்துவிட்டது. மடியில் ஏறிப் படுத்துக் கர்ர் கர்ர் என்றது. ஏழு வயதுக்கு உண்டான அடக்கம், ஓடி ஆடித் திரியாத பதவிசு. இதைப்போய் யாருக்கு விட்டுக்கொடுப்பது? நெய்யே இல்லாத கடலைமிட்டாய் ஊரில் கிடைக்காமலா போகும்? டீச்சருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் பூனையோடு பஸ் ஏறினார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஐந்தே கால். பரிமளா பூனைக்குச் சோறு பிசைந்து தயாராக வைத்திருந்தாள்.

"யாவாரி இன்னா சொன்னாரு? காப்பி எப்படி இருந்துது? காலையிலயே டீச்சருக்குப் போன் பண்ணி, சர்க்கரை போடாதீங்கன்னு சொல்லிட்டேன்."

"எல்லாம் தெரிஞ்சிபோச்சுடி, பரிமளா." அவர் நாற்காலியில் கம்பீரமாகச் சாய்ந்தார். "நோட்ட நானே படிச்சேன். கில்லாடிதான் நீ. என்ன பதினாலு நாளு பேஜார் பண்ணிட்ட."

"வேற இன்னா பண்ணச் சொல்றீங்க? சொன்னா கேக்கறீங்களா? உங்க ஒடம்ப நெனச்சி எனக்கு ராத்திரில தூக்கமே வரல." அவள் குரல் இறங்கியது. "எனக்கு யாருங்க இருக்காங்க, உங்கள விட்டா?"

சுப்பராயலுவுக்கு ஒருமாதிரி ஆகிவிட்டது. தோற்றாலும் பெருந்தன்மையாகத் தோற்க வேண்டும் என்று நினைத்தார்.

"சரி, நான் ஒத்துக்கறேன். மைசூர்பாகு, நெய் வாசனை. சாயங்காலச் சோறு, டீச்சரு வூட்டுப் பழக்கம். காலு, ஸ்கூட்டர். எல்லாம் புரிஞ்சிடுச்சி. ஒண்ணே ஒண்ணு மட்டும் சொல்லிடு. உங்கம்மா படத்துக்குப் பின்னால நான் சொருவி வெச்ச ரிப்போர்ட்ட இது எப்படிடி கண்டுபுடிச்சது? காயிதத்துல நெய்ய தடவுனியா?"

பரிமளாவின் கை சோற்றிலேயே நின்றது. பூனை தட்டை விட்டு எழுந்து, கூடத்து நடுவில் போய் உட்கார்ந்து, படத்தின் மூலையைப் பார்த்தது. அவளும் அங்கே பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"எந்த ரிப்போர்ட்டுங்க?"